இடது தூணில் ஒரு தகடு

சிவப்புப் பொத்தானை அமுக்கியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஆலையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். காவலாளி அமுக்கினார் என்றார்கள், கரண்டு தானாகப் போய்விட்டது என்றார்கள். கிழிசல் தைக்கும் என் மேசையிலிருந்து உருளை இயந்திரத்தின் வலது தூணுக்குப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். நடுவில் நின்ற தள்ளுவண்டியை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு அமுக்கினேன். இடுப்பில் அந்தக் காயம் நீலம் பாரித்து மூன்று வாரம் இருந்தது.

எங்களுடையது சலவை ஆலை. ஆறு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் போர்வையும் டாக்டர்களின் பச்சை உடுப்பும் இங்கேதான் வரும். ஒரு கதவால் அழுக்கு வரும், இன்னொரு கதவால் வெளுப்புப் போகும், நடுவில் நாங்கள். நான் கிழிந்ததைத் தைக்கிறவள். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல். எனக்கு நேர் எதிரே உருளை. இரண்டு ஆள் நீளத்துக்கு இரும்பு உருளைகள் நீராவியில் கொதித்துக்கொண்டு சுற்றும். ஈர விரிப்பின் இரு முனையையும் இரண்டு பேர் பிடித்து விறைப்பாக உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் காய்ந்து வழவழவென்று வரும். மழைக்காலத்தில் மட்டும் அது சண்டித்தனம் பண்ணும். சரியாகப் பிழியாத துணி உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றிக்கொள்ளும். அந்த வாரம் ஆறு நாளாக விடாத மழை. அழுக்கு மூட்டைகள் வாசல்வரை மலையாகக் குவிந்து, ஆலை முழுக்க ஈரக் கோழி வாடை.

உருளைக்கு ஆள் என் பக்கத்து வீட்டுக்காரர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, உருளைக்காரர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் மனைவிக்கு அதே ஆலையின் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குள், மேசை வேலை. அதனால் அவள் ஆபீஸ்காரி. கீழே வியர்த்து வழிகிறவர்கள் கொஞ்சம் பொறாமையோடு வைத்த பெயர்தான், ஆனால் அவளே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். சத்தம் போட்டுப் பேசாத வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் தனியாக இருக்கிறேன், எனக்குத் தெரியும்.

அன்று புதன்கிழமை, காலை பத்தேகால். வழக்கமாக அவருக்கு மறுமுனை பிடிக்கிறவருக்குக் காய்ச்சல். அழுக்குப் பிரிக்கும் இடத்திலிருந்து நெட்டையனை அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்த பன்னிரண்டு பேரில் ஒருவன், பேசுவதும் படிப்பதும் அரபி. அவன் உருளைப் பக்கம் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உருளைக்காரர் இடது முனையில், அவன் வலது முனையில். ஒரு விரிப்பு ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துவிட உருளைக்காரர் உள்ளே நீட்டிய கை துணியோடு சிக்கிக்கொண்டது. முதலில் கத்தல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு சத்தம், அப்புறம்தான் கத்தல்.

நான் தலையைத் தூக்கியபோது கண்டது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நெட்டையன் ஓடினான். மரம் மாதிரி நின்றான் என்று பிற்பாடு சொன்னவர்கள் பார்க்காமல் சொன்னவர்கள். உருளையை நிறுத்தும் பொத்தான் அவன் முழங்கைக்குப் பக்கத்தில், வலது தூணில் இருந்தது, விரிப்பு அடுக்கிய தள்ளுவண்டி மறைத்துக்கொண்டு. அதை விட்டுவிட்டு, கத்துகிற மனுஷனையும் தாண்டி, இடது தூணுக்கு ஓடினான். அந்தத் தூணில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது, என்றைக்கோ இருந்த ஓட்டையை மூடியது. அதை உள்ளங்கையால் அறைந்தான். உருளை நிற்காததைப் பார்த்து இரண்டு கையாலும் அறைந்தான். திரும்பித் திரும்பி உருளையைப் பார்க்கிறான், மறுபடி தகட்டை அறைகிறான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு நொடி அப்படிப் போன பிறகுதான் எழுந்து ஓடினேன்.

வலது கையில் மூன்று விரல் போயிற்று. மிச்சம் இரண்டும் வெந்திருந்தன.

இதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஆபீஸ்காரி தலையில் ஒரு வேலை விழுந்திருந்தது. புது ஆட்கள் வருகிறார்கள், ஒருத்தருக்கும் நம் மொழி தெரியாது, பாதுகாப்புப் பாடத்தை அரபியில் போட்டுவிடு என்றார் மேனேஜர். ஒரு டீ போடு என்பது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாடம் என்பது இருபத்துநாலு ஸ்லைடு. ஆறு வருஷத்துக்கு முன் அவளே படம் பிடித்து நம் மொழியில் போட்டது. பதினேழாவது ஸ்லைடில் உருளைக்காரர் இருப்பார். வலது தூணருகே நின்று சிவப்புப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு, கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் படம் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு எவனோ மாதிரி இருக்கு என்பார்.

சாயங்காலம் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கி வருவாள். சாப்பாட்டு மேசையில் ரொட்டித் தட்டையும் அவித்த முட்டையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருவாள். பேச்சுத் துணைக்கு நானும் போய் உட்காருவேன். புது ஆட்களில் ஒருத்தர் அவர் ஊரில் கணக்கு வாத்தியார். நம் மொழி கொஞ்சம் பேசுவார். அவர்தான் ஒவ்வொரு வரியையும் அரபியில் எழுதிப் போனில் அனுப்புவார். இவள் அதை எடுத்து ஸ்லைடில் ஒட்டுவாள். ஒட்டியதும் கூத்துதான். முற்றுப்புள்ளி வரியின் தப்பான முனையில் போய் நிற்கும். எண்கள் இடம் மாறிக் குதிக்கும். வரிக்கு முன்னால் இருக்க வேண்டிய குண்டுப்புள்ளி, வரி முடிகிற இடத்தில் அநாதையாகக் கிடக்கும்.

ஒருநாள் வாத்தியாரையே கூட்டிவந்து காட்டினாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். துவைப்பது, அலசுவது, காயவைப்பது என்று அம்புக்குறி போட்ட மூன்று படங்களில் விரலை வைத்தார். எங்கள் ஆள் வலது பக்கம் இருந்து வருவான், அவனுக்கு இது முதலில் காயவைப்பது, கடைசியில் துவைப்பது என்று திக்கித் திக்கிச் சொன்னார். ஆபீஸ்காரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"அப்ப எழுத்து மட்டும் திரும்பினாப் போதாதா?"

"போதாது. அம்பு, கட்டம், எல்லாம் திருப்பணும். கண்ணாடியில பார்க்கிற மாதிரி."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அம்புக்கும் கட்டத்துக்கும் அதுதான் சரி.

வரியை வலமிருந்து இடமாக ஓடவிடும் பொத்தானை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அதை அமுக்கியதும் புள்ளிகள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக வலது பக்கம் வந்து நின்றன. அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். அம்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். இரண்டு சாயங்காலத்தில் ஆறு ஸ்லைடுதான் முடிந்தது. மூன்றாம் நாள் என் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். ஒரு ஸ்லைடில் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து, ஒரே அமுக்கில் பக்கவாட்டில் திருப்பிப் போட வழி இருக்கிறதாம். எழுத்து அப்படியே இருக்கும், மற்றதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். மிச்சம் பதினெட்டு ஸ்லைடையும் அரைமணியில் முடித்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினேழாவது வந்தபோது உருளைக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அட, இது எப்பப் பிடிச்ச படம்?"

"அதே பழைய படம்தாங்க."

"இல்லையே. இதுல நான் என் மாதிரி இருக்கேனே."

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தனக்கு என்னவோ போல இருக்கிறது என்றாள். எனக்கும் ஏதோ கோணலாகத் தெரிந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. தைக்கிறவள் எனக்கு இந்த ஸ்லைடு விவகாரத்தில் என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். அவர் விடாமல், இதைத்தான் போடணும், ஆறு வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் ஒழுங்கா விழுந்திருக்கு என்று மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டு போனாள். வாத்தியாரிடம் மறுபடி காட்டியபோது அவர் எழுத்தை மட்டும் சரிபார்த்தார். உருளை எப்படி இருக்கும் என்றே அவர் அதுவரை பார்த்ததில்லை. படத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தால்கூட இடம்வலம் மாறித் தெரிந்து மாட்டியிருக்கும். அது பழைய உருளை, பெயர்ப்பலகையெல்லாம் வெள்ளைப் பெயிண்டுக்குள் போய்ப் பல வருஷம் ஆயிற்று.

விபத்து நடந்த வாரம் திங்கள்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேருக்கும் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இங்கே வந்து இறங்கியதிலிருந்து தங்கள் எழுத்தை அவர்கள் சுவரில் பார்த்தது அன்றைக்குத்தான். ஆபீஸ்காரி வெட்கப்பட்டுக்கொண்டு வயரைச் சுருட்டினாள்.

புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். என் மேலங்கியில் ரத்தம் காய்ந்திருந்தது. எதிரே ஒரு படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதில் விரித்திருந்த விரிப்பின் ஓரத்தில் என் தையல் இருந்தது. அவள் அழவில்லை. எப்படிக்கா நடந்தது என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். துணி ஒட்டியதைச் சொன்னேன். தள்ளுவண்டியைச் சொன்னேன். கோபம் தாங்காமல் நெட்டையனைப் பற்றியும் சொன்னேன்.

"அவன் என்ன மனுஷன்னே தெரியல. பொத்தான் பக்கத்துலயே இருக்கு. அதை விட்டுட்டு ஓடிப்போய் வெறும் தகட்டை அறைஞ்சுக்கிட்டு நிக்கிறான்."

"எந்தத் தகட்டை?"

"தூண்ல இருக்குமே, ஓட்டைய மூடின தகடு."

"எந்தப் பக்கத் தூண்?"

"இடது பக்கம்."

அவள் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவள் போல மறுபடி உட்கார்ந்தாள். அக்கா, நான் படத்தையும் திருப்பிட்டேன், என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தன் இரு கைகளையும் முன்னால் நீட்டி, வலதை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாற்றி வைத்துக் காட்டினாள். அப்புறம்தான் எனக்குத் தலையில் இடி விழுந்தது போல் இருந்தது.

அவன் பைத்தியக்காரன் இல்லை. பாடத்தை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டவன். உருளையில் கை சிக்கினால் எங்கே ஓட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ அங்கேதான் ஓடினான். சொல்லிக்கொடுத்தது இவள்.

மறுநாளே ஆலையில் பேச்சு கிளம்பிவிட்டது. புது ஆள் பயந்து நின்றுவிட்டான், அதனால்தான் விரல் போயிற்று, திங்கள்கிழமை விசாரணை முடிந்ததும் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. வேலை போனால் இந்த ஊரில் அவன் இருக்கவும் முடியாது. மனைவியும் கைக்குழந்தையும் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உருளைக்காரரும் படுக்கையில் கிடந்தபடி அதையேதான் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் கத்துறேன், அவன் என்னைத் தாண்டி ஓடுறான் அக்கா, தூணை அடிக்கிறான், அவனை நான் சும்மா விடமாட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ்காரி என் அடுப்படிக்கு வந்தாள். இரண்டு நாளாக எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வெங்காய சூப்பை ஊற்றி முன்னால் வைத்தேன். கரண்டியை எடுத்தவள் எடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லிடப் போறேன்க்கா."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். உன் புருஷனுக்கு இனி உருளை வேலை கிடையாது, நீயும் வேலையை விட்டால் அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றேன். படத்தைப் பழையபடி திருப்பி வைத்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"திருப்பி வைக்க ஒரு அமுக்குதான்க்கா," என்றாள். "நேத்து வச்சுப் பார்த்தேன். அப்புறம் மறுபடி மாத்திட்டேன். அவன் உள்ளங்கை ரெண்டும் வீங்கியிருக்காம். வாத்தியார் சொன்னார்."

சூப்பில் ஆடை படிந்துவிட்டது. முதலில் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்றாள். போனேன். லேப்டாப்பை அவர் மடியில் வைத்துப் பதினேழாவது ஸ்லைடைத் திறந்து காட்டினாள். ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். அழாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கை தலையணையில் இருந்தது. இடது கையால் தன் இடது கன்னத்தைத் தொட்டார். அங்கே மிளகு அளவில் ஒரு மச்சம் இருக்கும். படத்தில் அது அடுத்த கன்னத்தில் இருந்தது. கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில் இருந்தது. தலை வகிடுகூட மாறியிருந்தது.

"பதினெட்டு வருஷமா என் மூஞ்சியப் பார்க்கிறே," என்றார். "மச்சம் மாறியிருக்கிறது தெரியலையா உனக்கு?"

நீங்கள்தானே இந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். போ, என்றார் அவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றோம். குடை என் கையில்தான் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அவள் போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாடு கொண்டுபோக அவளுக்குத் தைரியம் இல்லை. ரொட்டியும் சூப்பும் நான் எடுத்துப்போனேன். அவர் படுக்கையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. கை கழுவும் தொட்டி முன்னால், ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு நின்றிருந்தார். இடது கையில் சவரக் கத்தி. கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

அவருக்குப் பின்னால் போய் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். அதில் இருந்தது பதினேழாவது ஸ்லைடின் முகம். மச்சம் அந்தக் கன்னத்தில், வகிடு அந்தப் பக்கம்.

"நான் தினம் பார்க்கிற மூஞ்சி இதுதான். அதான் எனக்கு அந்தப் படம் பிடிச்சுப்போச்சு. அவளுக்கு என்னமோ போல இருக்குன்னு சொன்னாள்ல? நான்தானே இதையே போடுன்னு சொன்னேன்?"

"ஆமா தம்பி. நீங்கதான் சொன்னீங்க."

அவர் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டு அழுதார். நுரை கழுத்தில் வழிந்தது. ஆண்பிள்ளை அழுவதை நான் அதிகம் பார்த்தவள் இல்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் துண்டை எடுத்துக் கொடுத்தேன். தேறியதும் இரண்டு விஷயம் சொன்னார். நெட்டையன் மேல் தப்பு இல்லை என்று நான் சொன்னதாக விசாரணையில் சொல்லுங்கள். உருளைக்கு முன்னால் இருக்கும் பட்டையைக் கம்பியால் கட்டிவைத்ததையும் சொல்லுங்கள்.

அந்தப் பட்டையைப் பற்றி நானே முன்பே சொல்லியிருக்க வேண்டும். கை பட்டால் உருளை தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காக வைத்த பட்டை அது. தடித்த போர்வை பட்டாலும் நின்று நின்று போகிறது, வேலை கெடுகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் மேனேஜர் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். கீழே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாரும் பேசவில்லை.

திங்கள்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகப் போட்டிருந்தார்கள். தலைமை ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர் காகிதக் கட்டோடு. பன்னிரண்டு பேரும் ஒரு மூலையில். நெட்டையன் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். அவனிடம் ஏன் பொத்தானை அமுக்கவில்லை என்று கேட்டார்கள். வாத்தியார் கேட்டுச் சொன்னார். அமுக்கினேன் என்கிறான், என்றார். மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார்.

அப்போது ஆபீஸ்காரி எழுந்தாள். யாரும் கேட்காமலே புரொஜெக்டரைப் போட்டாள். சுவரில் அவள் புருஷன் வந்து சிரித்துக்கொண்டு நின்றார். பொத்தான் எங்கே என்று அவனைக் காட்டச் சொல்லுங்கள் என்று வாத்தியாரிடம் சொன்னாள். நெட்டையன் தயங்கித் தயங்கிச் சுவரருகே போய், துணி சுற்றிய கையை இடது ஓரத்தில் சிவப்பின் மேல் வைத்தான். அவள் ஒரு அமுக்கு அமுக்கினாள். உருளைக்காரர் ஒரே தாவலில் அந்தப் பக்கம் போனார். பொத்தானும் கூடவே போயிற்று. நெட்டையனின் கை வெறும் சுவரில் இருந்தது.

வெளியே மழைத் தண்ணீர் குழாயில் இறங்குவது மட்டும் கேட்டது. வாத்தியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெட்டையன் கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னான். என்ன சொல்கிறான் என்று அந்த அம்மா கேட்டார்.

"அஞ்சு நாளா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன்," என்றார் வாத்தியார். "அப்படிச் சொல்றான்."

ஆபீஸ்காரி எல்லாவற்றையும் சொன்னாள். இந்தப் படத்தைத் திருப்பியது நான், அவன் இல்லை என்று முடித்தாள். மேனேஜரின் பேனா வேகமாக ஓடியது. அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. உருளைக்காரர் சொல்லியனுப்பியதைச் சொன்னேன், பட்டையைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன், கட்டச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். இன்னும் அப்படியே கட்டியிருக்கிறது, இப்போதே போய்ப் பார்க்கலாம் என்றேன். பேனா நின்றது. அந்த அம்மா எழுந்து போய்ப் பார்த்தார்.

நெட்டையன் வேலையில் இருக்கிறான். மேனேஜர் இரண்டு மாதத்தில் வேறு கிளைக்குப் போனார், அங்கேயும் மேனேஜராகத்தான். ஆபீஸ்காரியை மாடியிலிருந்து இறக்கி, கீழே மடிப்பு மேசையில் போட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. இறங்குவதற்கு முன்னால் பாடத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போ என்றார்கள், ஏனென்றால் அதைச் செய்யத் தெரிந்த வேறு ஆள் மாடியில் இல்லை. இருபத்துமூன்று ஸ்லைடை அவள் முடித்துவிட்டாள். அம்புகளும் கட்டங்களும் திரும்பியபடி, படங்கள் மட்டும் நேராக. ஒவ்வொரு படத்தையும் தூக்கிக்கொண்டுபோய் அந்தந்த இயந்திரத்தின் முன்னால் நின்று ஒப்பிட்டுப் பார்த்தாள். பதினேழாவதை மட்டும் விட்டு வைத்திருந்தாள். அந்தப் பழைய படத்தைத் தொடக் கை வரவில்லை என்றாள். வீட்டில் அவரும் அவளும் தட்டு, தண்ணீர், துண்டு என்ற அளவில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபம் இல்லை, வெட்கம். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது அந்தப் படத்தில் போய் முட்டும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

கட்டுப் பிரித்த மறுநாள் அவர் ஆலைக்கு வந்தார். வாசலில் மூட்டை எண்ணும் வேலை கொடுத்திருந்தார்கள். அங்கே போகாமல் நேராக உள்ளே வந்து உருளை முன்னால் நின்றார். மழை விட்டு வெயில் அடித்த நாள், விரிப்புகள் சிணுங்காமல் ஓடிக்கொண்டிருந்தன. நெட்டையன்தான் முனை பிடித்திருந்தான். அவரைப் பார்த்ததும் உருளையை நிறுத்தினான். வலது தூணை மறைத்து நின்ற தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வெகுதூரத்தில் நிறுத்தினான். மடிப்பு மேசையிலிருந்து ஆபீஸ்காரி எழுந்து வந்தாள்.

"படம் எடு," என்றார் அவர்.

வலது தூணருகே போய் நின்றார். பழக்கத்தில் வலது கை பொத்தானுக்கு எழுந்தது. பாதியில் அதைக் கீழே விட்டார். இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பொத்தானில் வைத்தார். அவள் போனைத் தூக்கினாள். சிரியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சிரிக்கவில்லை. எடுத்த படத்தை அவள் அவர் முன்னால் நீட்டினாள். நானும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நான் என் மாதிரியே இல்லையே."

"எனக்குத் தெரிஞ்ச நீங்க இதுதாங்க," என்றாள் அவள்.

அவர் போனைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டார். படத்தை மறுபடி பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"சரி. நீ பார்க்கிற மாதிரியே போடு," என்று சொல்லிவிட்டு, மூட்டை எண்ண வாசலுக்குப் போனார்.